காப்பி அடிக்காத காப்பிரைட்டர் தேவை!

'காப்பிரைட்டர்' என்று நம்ம ஊரில் சொல்லிப் பாருங்கள், மூணு விதமான ரியாக்‌ஷன் கிடைக்கும். பெரியவர்கள், "காப்பி போடுறவரா?" என்பார்கள். கிளாஸ்மேட்ஸ், "காப்பி அடிக்கிறதுக்கெல்லாமா தனியா ஆள் வைக்கிறாங்க மச்சி?" என்பார்கள். கொஞ்சம் விவரமான பார்ட்டி, "காப்பிரைட் கேஸ் நடத்துற வக்கீல்தானே?" என்று கேட்கும்.

மூணுமே இல்லை பாஸ்! ஒரு பொருளை விற்பதற்கு வேண்டிய வார்த்தைகளை எழுதித் தருகிற ஆள்தான் காப்பிரைட்டர். பாட்டில் லேபிளில் இருக்கும் நாலு வரி, பேப்பருக்குள் மடித்து வரும் நோட்டீஸ், வெப்சைட்டில் 'எங்களைப் பற்றி' பக்கம்... எல்லாம் யாரோ உட்கார்ந்து எழுதியதுதான். மாதச் சம்பளத்துக்கு இல்லாமல், 'இந்த வேலைக்கு இவ்வளவு' என்று பேசி எழுதினால் அவர் ஃப்ரீலான்ஸ் காப்பிரைட்டர்.

நமக்கு எதுக்கு இந்தக் கதை என்கிறீர்களா? திருப்பூரில் பனியன் ஜாப் ஒர்க், கரூரில் திரைச்சீலை, ஈரோட்டில் மஞ்சள் மண்டி என்று நம்மில் பாதிப் பேர் வீட்டில் ஏதாவது ஒரு தொழில் ஓடிக்கொண்டிருக்கிறது. "நீதான் காலேஜ் படிக்கிறியே, நம்ம கடைக்கு நாலு வரி நல்லதா எழுதிக் குடு" என்று ஒருநாள் அப்பா கண்டிப்பாகக் கேட்பார். மீதிப் பாதிப் பேர் பாக்கெட் மணிக்காக இதே எழுத்து வேலையை எங்காவது செய்துகொண்டிருப்பீர்கள். ஆக, ஆள் எடுப்பவர், வேலைக்குப் போகிறவர் ரெண்டு பேருமே இந்தப் பக்கத்தைப் புரட்டுகிறீர்கள். அதான் மேட்டர்.

என் சித்தப்பாவுக்குக் காங்கேயம் பக்கத்தில் மரச்செக்கு இருக்கிறது. தேங்காய், கடலை, எள் மூணும் ஆட்டுவார். ஊர்க்காரர்கள் வீட்டிலிருந்தே தூக்குப் போசி, கேன் கொண்டுவந்து பிடித்துக்கொண்டு போவார்கள். லேபிளும் கிடையாது, விளம்பரமும் கிடையாது. 'அந்தச் செக்குக்காரர்' என்பதுதான் பிராண்ட். கோவை, சென்னை என்று உறவுக்காரர்கள் வழியாக வெளியூர் ஆர்டர் வர ஆரம்பித்ததும்தான் பிரச்னை. முகம் தெரியாத ஆளுக்கு எண்ணெய் விற்க வேண்டும் என்றால் பாட்டில்தான் பேச வேண்டும். பாட்டிலுக்குப் பேசத் தெரியாதே!

பாக்கெட்டில் வரும் எண்ணெயைவிட செக்கு எண்ணெய் விலை ரொம்ப ஜாஸ்தி. ஏன் ஜாஸ்தி என்று ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, கண் முன்னாடிதான் ஆட்டுகிறார். சென்னையில் இருக்கிறவருக்கு? புதுசாகப் போட்ட ரெண்டாவது செக்குக்கு பேங்க் லோன் ஓடுகிறது. வெளியூர் ஆர்டர் நின்றால் அந்தச் செக்கு சும்மா நிற்கும், வட்டி மட்டும் நிற்காமல் சுற்றும்.

முதல் ரவுண்டில் இறங்கியது சித்தப்பா பையன். பன்னிரண்டாவது படிக்கிறான். சாட்ஜிபிடியில் தட்டினான். அரை நிமிஷத்தில் ஒரு பக்கம் வந்து விழுந்தது. 'ஆரோக்கியமான வாழ்வை நோக்கிய உங்கள் பயணம் இங்கே தொடங்குகிறது!' சித்தப்பா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ரெண்டு தடவை படித்தார்.

"ஏன் கண்ணு, நாம எண்ணெய் விக்கிறமா, பஸ் விடுறமா?"

மெஷினைக் குறை சொல்லவில்லை. அதுக்கு என்ன தெரியுமோ அதைத்தான் எழுதும். எந்த ஊர்க் கடலை, எத்தனை நாள் காய வைக்கிறோம், எண்ணெயை எப்படித் தெளிய விடுகிறோம் என்று யாருமே அதற்குச் சொல்லவில்லை. அப்புறம் எல்லா எண்ணெய்க் கடைக்கும் பொருந்துகிற மாதிரிதானே எழுதும்!

ரெண்டாவது ரவுண்டில் ஒரு ஃப்ரீலான்ஸர். தெரிந்தவருக்குத் தெரிந்தவர். பேர் வேண்டாம். 'வார்த்தைக்கு ஒரு ரூபாய்' என்று ரேட் சொன்னார். சித்தப்பாவுக்கு ஒரே குஷி. கிலோ கணக்கில் வாங்கி விற்கிறவர் ஆச்சே, எண்ணிக்கைக்கு விலை என்றால் அவருக்குச் சட்டென்று புரிந்துவிடும்.

ஒரு நிமிஷம், இந்த வார்த்தைக் கணக்கு பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். இங்கிலீஷில் இது ஓரளவுக்கு ஓடும். தமிழில் செம காமெடி! 'விற்றுக்கொண்டிருக்கிறோம்' என்று சேர்த்து எழுதினால் ஒரு ரூபாய். அதையே 'விற்றுக் கொண்டு இருக்கிறோம்' என்று பிரித்தால் மூணு ரூபாய். ஸ்பேஸ் பாரைத் தட்டினாலே சம்பளம்! தவிர, லேபிளில் எழுத வேண்டியதைச் சுருக்கச் சுருக்கத்தான் வேலை அதிகம். 200 வார்த்தையை 12 வார்த்தையாக்கித் தருகிறவருக்கு 12 ரூபாயா கொடுப்பீர்கள்? எழுத்துக்கு ஆள் எடுக்கும்போது 'இந்த லேபிள் முழுசுக்கும் இவ்வளவு' என்று பேசுவதுதான் ரெண்டு பக்கத்துக்கும் நல்லது.

வந்து சேர்ந்த எழுத்து எப்படி இருந்தது? 'சர்க்கரை நோய் ஓடிப்போகும்', 'கொலஸ்ட்ராலுக்கு எதிரி', 'இதயத்துக்கு இதமானது' என்று ஒரே அதிரடி. அடியில் ஒரு போன் நம்பர். சித்தப்பா நம்பர் இல்லை! வேறு ஏதோ கம்பெனியிலிருந்து சுட்டவர் நம்பரை அழிக்க மறந்துவிட்டார். சித்தப்பாவும் சிரித்துவிட்டு, "நம்பர மட்டும் மாத்தி பிரின்ட் போட்றலாம்" என்றார்.

நம்பர் மாட்டர் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். அந்த மூணு வரிகள் அப்படி இல்லை. ஓர் உணவுப் பொருள் நோயைக் குணப்படுத்தும் என்று விளம்பரத்தில் சொல்லக் கூடாது என்கின்றன 2018-ல் வந்த எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. விதிகள். சமையல் எண்ணெய்க்கென்று லேபிளிலும் விளம்பரத்திலும் போடக் கூடாத வார்த்தைகளுக்கு ஒரு லிஸ்ட்டே 2011-ம் வருஷ விதிகளில் வந்தது. கொலஸ்ட்ராலை எதிர்க்கும், இதயத்துக்கு இதம், டபுள் ரீஃபைண்ட் இதெல்லாம் அந்த லிஸ்ட்டில் இருந்தவை. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 2006-ம் வருஷ உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம். சட்டம் முதலில் பிடிப்பது பொருளை விற்கிறவரைத்தான். எழுதியவர் ஜி-பேயில் காசு வாங்கிக்கொண்டு அடுத்த கஸ்டமரிடம் போயிருப்பார்.

சித்தப்பாவிடம் அந்த 10 லட்சத்தைச் சொன்னேன். அத்தோடு பிரின்ட் ஐடியா காலி.

மூணாவது ரவுண்டில் வந்தவர்தான் இந்தக் கட்டுரையின் ஹீரோயின். மதுரைக்காரர். எம்.ஏ. தமிழ் முடித்துவிட்டு வீட்டில் இருந்தபடியே எழுதுகிறார். "பேரெல்லாம் போட்டுறாத தம்பி" என்று சொல்லிவிட்டதால், நமக்கு அவர் அக்கா. என் சீனியர் ஒருவரின் வீட்டுத் தறி பிசினஸுக்கு அவர் எழுதிய நோட்டீஸைப் பார்த்துத்தான் நம்பர் வாங்கினேன். அந்த நோட்டீஸில் 'பாரம்பரியம்' என்ற வார்த்தை ஓர் இடத்திலும் இல்லை. சுங்குடிப் புடவையை முதல் தடவை துவைக்கும்போது சாயம் கொஞ்சம் போகும், உப்புத் தண்ணீரில் ஊற வையுங்கள் என்று மட்டும் கச்சிதமாக இருந்தது. விற்கிறவரே தன் பொருளின் குறையைச் சொல்கிறார் என்றால் மற்றதை நம்பலாம் என்று தோன்றுகிறது இல்லையா?

சித்தப்பா வழக்கம் போல ஆரம்பித்தார். "சாம்பிளுக்கு ஒண்ணு எழுதி அனுப்புங்க அம்மிணி, புடிச்சிருந்தா வேல குடுத்தர்றேன்."

"அண்ணே, சாம்பிளுக்குனு ஒரு லிட்டர் எண்ணெய் சும்மா குடுப்பீகளா?"

"ஒரு கரண்டி குடுப்பேன்."

"அந்தக் கரண்டிதாண்ணே ஏற்கெனவே எழுதுனது. அனுப்பிவிட்டேன், பாருங்க. உங்களுக்குனு எழுதணும்னா அது லிட்டரு."

சித்தப்பாவுக்கு இந்தக் கணக்கு பிடித்துவிட்டது. கடலை எண்ணெய் லேபிள் ஒன்று மட்டும், ட்ரையல், 1,500 ரூபாய். பிடிக்காவிட்டால் அத்தோடு நிறுத்திக்கொள்ளலாம், ஆனால் அந்த 1,500 அவருடையது. வெளியே விசாரித்த வகையில் ஆள் எடுக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. ஃப்ரீ சாம்பிள் கேட்டால், வேலை நிறைய இருக்கும் நல்ல ரைட்டர் விலகிப் போய்விடுவார். வேலையே இல்லாதவர்தான் உடனே எழுதி அனுப்புவார். அந்த வடிகட்டி தலைகீழாக வேலை செய்கிறது!

பேசி முடித்த அன்று ராத்திரியே அக்காவிடமிருந்து வாட்ஸ்அப் வந்தது. எழுத்து வரவில்லை, கேள்விகள் வந்தன. மொத்தம் 18. கடலை எங்கே வாங்குறீங்க? செக்கு என்ன மரம்? புண்ணாக்கை என்ன பண்றீங்க? திரும்பி வராத கஸ்டமர் யாராவது இருக்காங்களா, ஏன் வரலைனு தெரியுமா? லேபிள் என்ன சைஸ்? லைசென்ஸ் நம்பர், எடை, விலை, பேக் பண்ணின தேதி, எதுக்குள்ளே உபயோகிக்கணும் இதெல்லாம் போக மிச்சம் எத்தனை சென்டிமீட்டர் இருக்கு?

கடைசிக் கேள்வியைப் பார்த்ததும் எனக்கு மரியாதை வந்தது. எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. லைசென்ஸ் நம்பரே 14 இலக்கம். சட்டம் கேட்பதையெல்லாம் அடுக்கினால் ஒரு லிட்டர் பாட்டிலின் பின்பக்கத்தில் விசிட்டிங் கார்டில் பாதி அளவுதான் மிஞ்சுகிறது. அதில்தான் காங்கேயம் செக்கைச் சென்னைக்காரருக்குக் காட்ட வேண்டும்.

எட்டாவது கேள்வியோடு சித்தப்பா டயர்ட் ஆகிவிட்டார். "எழுதச் சொன்னா என்ர சாதகத்தையே கேக்குறாங்க கண்ணு!" அக்கா அசரவில்லை. பஸ் பிடித்து நேரிலேயே வந்துவிட்டார்.

அங்கே நடந்ததைச் சொல்வதற்கு முன் அமெரிக்கா வரைக்கும் ஒரு எட்டு போய்விட்டு வந்துவிடலாம். க்ளாட் ஹாப்கின்ஸ் என்று ஒரு காப்பிரைட்டர். நூறு வருஷத்துக்கு முந்தைய ஆள், இந்தத் தொழிலின் தாத்தாக்களில் ஒருவர். ஷ்லிட்ஸ் என்ற பீர் கம்பெனிக்கு (காலேஜ் பசங்க யாரும் 'ஆ'வென்று வாயைத் திறக்க வேண்டாம்!) விளம்பரம் எழுத வேண்டியிருந்தது. அப்போது எல்லா கம்பெனியும் 'சுத்தமானது, சுத்தமானது' என்று கத்திக்கொண்டிருந்த நேரம். ஹாப்கின்ஸ் தொழிற்சாலைக்குள் போய்ச் சுற்றிப் பார்த்தார். கண்ணாடி அறைக்குள் வடிகட்டிய காற்றில் பீரைக் குளிர வைக்கிறார்கள். பாட்டிலை நாலு தடவை கழுவுகிறார்கள். 'இதையெல்லாம் ஏன் ஜனங்களுக்குச் சொல்வதில்லை?' என்று கேட்டால், எல்லாக் கம்பெனியும் இப்படித்தானே செய்கிறது என்றார்களாம். எல்லாரும் செய்தாலும் யாரும் சொல்லவில்லையே என்று அவர் அதையே விளம்பரமாக எழுதினார். ஐந்தாவது இடத்தில் இருந்த கம்பெனி சில மாதங்களில் முதல் இடத்துக்குப் போட்டி போட்டது என்று 1927-ல் வந்த தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். காப்பிரைட்டர் தன்னைப் பற்றித் தானே எழுதியது, அதனால் கொஞ்சம் உப்பு சேர்த்தே படிக்கலாம். ஆனால் கதையில் விஷயம் இருக்கிறது.

காங்கேயத்திலும் கிட்டத்தட்ட அதே சீன்தான். அக்கா காலை ஒன்பது மணிக்கு வந்தார். ஒரு ஸ்டூலைப் போட்டு செக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். வாகை மரத்தைத் தொட்டுப் பார்த்தார். கடலையை மென்றார். மெக்கானிக்கல் ஸ்டூடன்ட் என்பதால் எனக்கு ஒரு வேலை: செக்கு எவ்வளவு வேகத்தில் சுற்றுகிறது? போனில் ஸ்டாப்வாட்ச் வைத்து எண்ணினேன். நிமிஷத்துக்கு 14 சுற்று. நம்ம ஹாஸ்டல் ஃபேனே வெட்கப்படும். மெதுவாகச் சுற்றுவதால்தான் எண்ணெய் ரொம்பச் சூடாவதில்லை. நான் கியர் பாக்ஸ், உராய்வு என்று விளக்க ஆரம்பித்ததும் அக்கா கை காட்டி நிறுத்தினார். "தம்பி, 14-ங்கிறது போதும்."

வாடிக்கைக்கு வந்த ஒரு பாட்டி அக்காவின் நோட்டை எட்டிப் பார்த்தார். பழைய நோட்டீஸில் 'கோல்ட் பிரஸ்டு ஆயில்' என்று தமிழில் இருந்ததைக் காட்டி, "ஏனுங், தங்கத்துலயா ஆட்டுறீங்க? அதானா இந்த வெல?" என்று கேட்டார். அக்கா அந்த வார்த்தையைச் சிவப்பு மையில் அடித்தார். இங்கிலீஷில் குளிர்ச்சி, தமிழ் எழுத்தில் தங்கம். இந்த மாதிரி விஷயம் உட்கார்ந்த இடத்தில் கிடைக்காது.

மத்தியானம் சாப்பிடும்போது அக்கா சும்மா பேச்சுக்குத்தான் கேட்டார். "ஒரு லிட்டர் எண்ணெய்க்கு எவ்வளவு கடலைண்ணே போடணும்?"

"அது ஆகுமுங்க, ரெண்டரைக் கிலோ பருப்பு."

"ரெண்டரையா?"

"பின்ன? எல்லாச் செக்கிலயும் அதேதானுங்க கணக்கு. இதிலென்ன இருக்குது?"

அக்கா சாப்பிடுவதை நிறுத்திவிட்டு நோட்டை எடுத்தார். சித்தப்பாவுக்கு அது முப்பது வருஷமாகத் தெரிந்த விஷயம், அதனாலேயே அவர் அதை யாருக்கும் சொன்னதில்லை. வாங்குகிறவருக்கோ தினமும் மளிகைக் கடையில் கடலைப்பருப்பு என்ன விலை என்று தெரியும். ரெண்டரையால் பெருக்கினால் போதும், செக்கு எண்ணெய் ஏன் இந்த விலை என்பது அவருக்கே விளங்கிவிடும். லேபிளின் முன்பக்கத்தில் கடைசியில் வந்து உட்கார்ந்தது இதுதான்: 'இந்த பாட்டிலுக்குள் இரண்டரை கிலோ நிலக்கடலைப் பருப்பு இருக்கிறது.' அடியில் சின்னதாக, 'நிமிடத்துக்கு 14 சுற்று. அவசரமில்லை.'

அவ்வளவுதான். வார்த்தைக்கு ஒரு ரூபாய் என்றால் மொத்தம் பதினோரு ரூபாய்தான்!

இத்தோடு சுபம் என்று நினைத்தால் நீங்கள் சொந்தத் தொழில்காரர்களோடு பழகியதில்லை என்று அர்த்தம். சித்தப்பாவுக்கு லேபிளில் மாடு வேண்டும். காங்கேயம் காளை செக்கைச் சுற்றி வருகிற மாதிரி ஒரு படம், பக்கத்தில் 'தாத்தா காலத்து மாட்டுச் செக்கு' என்று நாலு வார்த்தை. தாத்தா காலத்தில் மாடுதான் சுற்றியது, நிஜம். இப்போது சுற்றுவது மோட்டார்.

"மாடு போட முடியாதுண்ணே" என்றார் அக்கா.

"அல்லாரும் போடறாங்க அம்மிணி."

"போடட்டும். உங்க வீட்டுக்கு ஒரு கஸ்டமர் வந்து, மாடு எங்கனு கேட்டா என்ன சொல்லுவீக? அப்புறம் ரெண்டரைக் கிலோவையும் நம்ப மாட்டாக."

சித்தப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. காசு கொடுக்கிறவர் அவர், தொழில் அவருடையது, தாத்தா அவருடையது. 'நான் சொல்றத எழுதறதுக்குத்தான காசு?' என்று ரெண்டு நாள் போனே எடுக்கவில்லை. அக்காவும் இறங்கி வரவில்லை. "வேணாம்னா ட்ரையல் காசோட முடிச்சுக்கலாம் தம்பி, ஆனா அதை நான் எழுத மாட்டேன்" என்று எனக்கு ஒரு மெசேஜ். முழு வேலையும் 12,000 ரூபாய்க்குப் பேசியிருந்தது. வீட்டில் இருந்தபடி எழுதுகிறவருக்கு அது சின்னத் தொகை இல்லை. அதை விட்டுவிடத் தயாராக இருந்தார் என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

நடுவில் புகுந்து தீர்த்து வைத்தது சித்தி. கல்லாவில் உட்கார்ந்து தினமும் கஸ்டமர் முகத்தைப் பார்க்கிறவர் அவர்தானே! "ஏனுங், மோட்டாருதான ஓட்டுது? கரண்ட் பில்லு மாசாமாசம் நாந்தான கட்டுறேன். அதச் சொல்றதுக்கு என்னங்க வெக்கம்?" பின்பக்கத்தில் ஒரு வரி சேர்ந்தது: 'வாகை மரச் செக்கு. தாத்தா காலத்தில் மாடு சுற்றியது, இப்போது மோட்டார் சுற்றுகிறது.' மாடும் வந்துவிட்டது, உண்மையும் தங்கிவிட்டது. சித்தப்பா இன்றைக்கும் இது தன் ஐடியா என்றுதான் சொல்லிக்கொண்டு இருக்கிறார்.

ஆள் எடுக்கிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது என்று நினைக்கிறேன். நீங்கள் சொன்னதையெல்லாம் 'ஓகே சார், ஓகே சார்' என்று எழுதித் தருகிற ஆள் சல்லிசாகக் கிடைப்பார். ஒரு வரியை எழுத மாட்டேன் என்று சொல்லி, ஏன் என்று காரணமும் சொல்கிற ஆளுக்குத்தான் காசு கொடுக்கலாம். காரணம் சொல்லாமல் பிடிவாதம் பிடித்தால் அது வேறு கேஸ், கும்பிடு போட்டு அனுப்பிவிடலாம்.

இனி கொஞ்சம் பேப்பர் மேட்டர். போரடித்தாலும் ஸ்கிப் பண்ணாதீங்க மக்களே, மாட்டிக்கொள்கிற இடமே இதுதான்.

'காசு கொடுத்துட்டேன், எழுத்து என்னோடது' என்றுதான் எல்லாருமே நினைக்கிறோம். 1957-ம் வருஷக் காப்புரிமைச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. மாதச் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர் எழுதினால் முதலாளிக்குச் சொந்தம். ஃப்ரீலான்ஸர் எழுதினால், வேறு மாதிரி எழுதிக்கொள்ளாத வரை பொதுவாக அது எழுதியவருக்கே சொந்தம். உரிமையை மாற்றித் தருவதாக அவர் எழுத்து மூலம் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும், வாய் வார்த்தை செல்லாது. அந்தப் பேப்பரில் எத்தனை வருஷம் என்று போடாவிட்டால் 5 வருஷம்தான் கணக்கு. எந்த ஊருக்கு என்று போடாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும். சித்தப்பா சிங்கப்பூருக்கு பாட்டில் அனுப்பும் கனவில் இருப்பதால், 'உலகம் முழுவதும், காப்புரிமைக் காலம் முழுவதும்' என்று ஒரு வரி சேர்த்தோம். அதற்கு பதிலாக, தன் வேலை என்று மற்றவர்களுக்குக் காட்டிக்கொள்ள அக்கா அனுமதி வாங்கிக்கொண்டார். நியாயமான டீல்.

ஒரு வரி ஸ்லோகன் மட்டும் கொஞ்சம் தனி ரகம். பெப்சி, கோகோ கோலாவுக்கு நடுவில் நடந்த ஒரு வழக்கில் விளம்பர வாசகத்துக்குக் காப்புரிமைச் சட்டத்தின் பாதுகாப்பு கிடையாது என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2003-ல் சொன்னது. நாலு வார்த்தை உயிர் மாதிரி முக்கியம் என்றால் ட்ரேட்மார்க் பதிவு செய்வதுதான் வழி.

வேலைக்குப் போகிற பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஒரு ஜில் நியூஸ். காசு இழுத்தடிப்பதற்கு எதிராக 2006-ம் வருஷ எம்.எஸ்.எம்.இ. சட்டத்தில் வழி இருக்கிறது. உத்யம் தளத்தில் இலவசமாகப் பதிவு செய்துகொண்டால், தனி ஆளாக எழுதுகிறவர்கூட குறுந்தொழில் நிறுவனம் மாதிரிதான். தேதி எழுதிக்கொள்ளவில்லை என்றால் 15 நாளுக்குள், எழுதிக்கொண்டாலும் அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் வந்தாக வேண்டும். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூணு மடங்கு கூட்டு வட்டி! 'அடுத்த வாரம் போடறேன் தம்பி' என்கிற அண்ணாச்சிகளிடம் இதைச் சிரித்த முகத்தோடு சொல்லிப் பாருங்கள்.

எங்கள் ஒப்பந்தம் ஒரே பக்கம்தான். பாதிப் பணம் முன்னால், மீதி முடிந்ததும். ரெண்டு தடவை திருத்தம் இலவசம், மூணாவதுக்குத் தனிக் காசு. (இந்த வரி இல்லாவிட்டால் சித்தப்பா இன்னமும் திருத்திக்கொண்டிருப்பார்.) சித்தப்பா, சித்தி ரெண்டு பேரில் ஒருவர் மட்டும் ஓகே சொல்ல வேண்டும், மாமா, மச்சான், பேங்க் மேனேஜர் அபிப்பிராயமெல்லாம் அந்த ஒருவர் வழியாகத்தான் வரணும். அப்புறம், அக்கா பிடிவாதமாகச் சேர்த்த ஒரு ஷரத்து: அச்சுக்குப் போகும் முன் கடைசி ப்ரூஃபை அவர் பார்த்தே ஆக வேண்டும்.

அதன் அருமை பிரின்டிங் ஆபீஸில்தான் தெரிந்தது. நாம் போனில் தட்டுவது யூனிகோட். நம்ம ஊர் டி.டி.பி. சென்டர்கள் பலவற்றில் இன்றைக்கும் பாமினி மாதிரி பழைய ஃபான்ட்தான் ஓடுகிறது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் ஓடிவிடும். அதனால் டிசைனரே திரும்ப டைப் அடிக்கிறார். அப்படி அடித்ததில் 'எண்ணெய்' என்பது 'எண்ணை' ஆகிவிட்டது. முன்பக்கத்தில், இருப்பதிலேயே பெரிய எழுத்தில்! சித்தப்பா பார்த்தார், சித்தி பார்த்தார், நல்லாருக்கு என்றார்கள். அக்கா மதுரையிலிருந்து ப்ரூஃபைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "ஓடுற மெஷின நிறுத்தச் சொல்லு தம்பி" என்று போன் பண்ணினார். நல்லவேளை, மெஷின் இன்னும் ஓட ஆரம்பிக்கவில்லை. 5,000 லேபிள் தப்பித்தது.

புது லேபிள் ஒட்டிய பாட்டில்கள் இப்போது போய்க்கொண்டிருக்கின்றன. ஓஹோ என்று பிய்த்துக்கொண்டு ஓடுகிறது என்றெல்லாம் ரீல் விட மாட்டேன். ஒரு மாற்றம் மட்டும் சித்தி சொன்னார். முன்பெல்லாம் வெளியூரிலிருந்து போன் வந்தால் முதல் கேள்வி, "ஏங்க இவ்ளோ விலை?" இப்போது, "ரெண்டரைக் கிலோனு போட்டிருக்கே, நிஜமாவா?" என்று கேட்கிறார்களாம். சித்தியும், "நேர்ல வாங்க, எடை போட்டுக் காட்டறேன்" என்கிறார். சென்னையிலிருந்து ஒரு குடும்பம் கொடுமுடிக் கோயிலுக்கு வந்த கையோடு நிஜமாகவே வந்து நின்று பார்த்துவிட்டு, நாலு பாட்டில் வாங்கிக்கொண்டு போனது.

மீதிப் பணத்தை சித்தப்பா ஒன்பதாவது நாளே அனுப்பிவிட்டார். கூடவே பஸ்ஸில் ஒரு கேன் கடலை எண்ணெயும். அடுத்தது நல்லெண்ணெய் லேபிள். அதற்கும் அக்காதான். முந்தாநாள் முதல் கேள்வி வந்துவிட்டது: "எள்ளோட போடுற கருப்பட்டி எங்க வாங்குறீங்கண்ணே? சீனி கலக்காததுதானா, பாத்தீகளா?"

சித்தப்பா இன்னும் பதில் போடவில்லை. நேற்று சாயங்காலம் கருப்பட்டி மண்டிக்காரருக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார்.